மறைநிலைப் போர்க்கப்பல்களும் ஸ்டெல்த் போர் விமானங்களும்

போர்க்கப்பல்களையும் போர் விமானங்களையும் எதிரியின் ராடார், அகச்சிவப்பு உணரி போன்ற கருவிகளுக்கு எளிதில் புலப்படாதபடி வடிவமைக்கும் முறை மறைநிலைத் தொழில்நுட்பம் எனப்படுகிறது. 'ஸ்டெல்த்' என்ற ஆங்கிலப் பெயரே செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது. "ராடாரில் தெரியாத விமானம்" என்று இதை விளக்குவது வழக்கம். அது சரியான விளக்கம் அன்று. எந்த ஸ்டெல்த் விமானமும் ஏதோ ஒரு தொலைவில் ராடாருக்குத் தெரிந்தே தீரும். எதிரி அதைக் காணும் தொலைவு குறைகிறது. அதனால் அவன் செயல்படக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே உலக நாடுகள் பல்லாயிரம் கோடி டாலர்களைச் செலவிட்டு வருகின்றன. விமானத்தில் இந்த முயற்சி பெருமளவு வெற்றி பெற்றது. கப்பலில் அதன் கதை வேறுவிதமாக அமைந்தது.

ராடாரின் கணக்கு

ராடார் அனுப்பும் வானொலி அலை ஒரு பொருளின் மீது பட்டுச் சிதறுகிறது. அதில் ஒரு சிறு பகுதி ராடாருக்கே திரும்பி வருகிறது. எவ்வளவு திரும்பும் என்பதைக் குறிக்கும் அளவு 'ராடார் குறுக்குவெட்டுப் பரப்பு'. இதைச் சதுர மீட்டரில் கூறுவர். பொருளின் உண்மையான பரப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ராடாரைச் செங்குத்தாக நோக்கி நிற்கும் ஒரு தட்டையான தகடு தன் அளவைவிடப் பன்மடங்கு பெரிதாகத் தெரியும். அதையே சற்றுச் சாய்த்து வைத்தால் அலை வேறு திசையில் தெறித்துப்போய், தகடு ஏறத்தாழ மறைந்துவிடும்.

அலை போகும்போதும் பரவி வலுவிழக்கிறது, திரும்பும்போதும் பரவி வலுவிழக்கிறது. எனவே திரும்பி வரும் ஆற்றல் தொலைவின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. இதன் விளைவு வடிவமைப்பாளர்களுக்குச் சாதகமானதன்று. குறுக்குவெட்டுப் பரப்பைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால்தான் ராடார் காணும் தொலைவு பாதியாகக் குறையும். தொலைவைப் பத்தில் ஒரு பங்காக்க வேண்டுமானால் பரப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும். சாதாரணப் போர் விமானத்தை 400 கிலோமீட்டரில் கண்டுவிடும் ஒரு ராடார், இவ்வாறு குறைக்கப்பட்ட விமானத்தை 40 கிலோமீட்டரில்தான் காணும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் என்றால், முதல் நிலையில் ஏவுகணைப் பிரிவுக்கு ஏறத்தாழ 27 நிமிடங்கள் கிடைக்கும். இரண்டாம் நிலையில் மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது.

சோவியத் கட்டுரை, அமெரிக்க விமானம்

இந்தத் தொழில்நுட்பத்தின் கணித அடிப்படை மாஸ்கோவில் பிறந்தது. சோவியத் இயற்பியலாளர் பியோத்தர் உஃபிம்த்சேவ், அலைகள் ஒரு பொருளின் விளிம்புகளில் எவ்வாறு சிதறுகின்றன என்பதைக் கணக்கிடும் முறையை 1962-இல் நூலாக வெளியிட்டார். இராணுவ மதிப்பு எதுவும் இல்லை எனக் கருதப்பட்டதால் அதை வெளியிட அனுமதி கிடைத்தது. அமெரிக்க விமானப்படை அதை 1971-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் 'ஸ்கங்க் வொர்க்ஸ்' பிரிவில் பணியாற்றிய டெனிஸ் ஓவர்ஹோல்சர் அதைப் படித்து, ஒரு வடிவத்தின் ராடார் எதிரொலியைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிடும் நிரலை உருவாக்கினார்.

அக்காலக் கணினிகளால் வளைபரப்புகளைக் கணக்கிட முடியவில்லை. ஆகவே விமானத்தைத் தட்டையான முகங்களால் ஆன, பட்டை தீட்டிய கல்லைப் போன்ற உருவமாக அமைத்தனர். 'ஹேவ் புளூ' என்ற சோதனை விமானம் 1977 டிசம்பரில் பறந்தது. அதன் வழியில் வந்த எஃப்-117 விமானம் 1981 ஜூனில் பறந்து, 1988 நவம்பர் வரை அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்படாமலே இருந்தது. பெயரில் போர் விமானத்துக்குரிய 'எஃப்' எழுத்து இருந்தாலும் அது வானில் சண்டையிடும் விமானம் அன்று. அதில் ராடாரே கிடையாது. இரவில் சென்று வழிகாட்டப்பட்ட குண்டை வீசித் திரும்புவதே அதன் வேலை. 1991 வளைகுடாப் போரில் பாக்தாத் மீது பலமுறை பறந்தும் ஒரு எஃப்-117 கூட வீழ்த்தப்படவில்லை. கணினிகள் வளர்ந்தபின் வந்த பி-2 குண்டுவீச்சு விமானத்தில் பட்டைகள் போய், தொடர்ச்சியான வளைவுகள் வந்தன.

1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் ஒரு எஃப்-117 சுட்டு வீழ்த்தப்பட்டது. அதை வீழ்த்தியது 1960-களில் பயன்பாட்டுக்கு வந்த எஸ்-125 வகை ஏவுகணை. சோல்டான் டானி தலைமையிலான ஏவுகணைப் பிரிவு, மீட்டர் அளவு அலைநீளமுள்ள பி-18 என்ற பழைய கண்காணிப்பு ராடாரைக் கொண்டு விமானத்தின் வரவை அறிந்தது. சிறிய அலைநீளத்தில் இயங்கும் ராடார்களை ஏமாற்றவே விமானத்தின் வடிவம் அமைக்கப்பட்டிருந்தது. அலைநீளம் விமானத்தின் வால், இறக்கை போன்ற பகுதிகளின் அளவை நெருங்கும்போது வடிவத்தின் பயன் குறைந்துவிடும். நீண்ட அலை ராடார்களால் விமானத்தின் இடத்தைத் துல்லியமாகக் காட்ட முடியாது. ஆனால் "இந்தப் பக்கம் பார்" என்று சொல்ல முடியும். டானியின் பிரிவு இலக்கைப் பற்றும் ராடாரைச் சில விநாடிகள் மட்டுமே இயக்கி, உடனே அணைத்து, அடிக்கடி இடம் மாறிக்கொண்டிருந்தது. இங்கு மறைந்திருந்து தாக்கியவர்கள் தரையில் இருந்தவர்களே.

கப்பல் ஏன் மறைய வேண்டும்?

ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள எஃகுக் கப்பல் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவதே கடினம். அதை மறைப்பதில் என்ன பயன்? இந்தக் கேள்விக்கு விடை ஃபாக்லாந்துப் போரில் கிடைத்தது.

1982 மே 4 அன்று அர்ஜென்டினாவின் சூப்பர் எடென்டார் விமானங்கள் ஏவிய எக்சோசெட் ஏவுகணை, பிரித்தானிய நாசகாரிக் கப்பலான 'ஷெஃபீல்ட்' மீது மோதியது. 20 பேர் இறந்தனர். இழுத்துச் செல்லப்படும்போது ஆறு நாள்களில் கப்பல் மூழ்கியது. எக்சோசெட் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்திலேயே பறந்து வருவது. பூமி வளைந்திருப்பதால், கப்பலின் கொடிமரத்தில் உள்ள ராடாருக்கு அது 25 முதல் 30 கிலோமீட்டர் தொலைவுக்குள் வந்த பின்னரே தெரியும். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக வரும் ஏவுகணைக்கு அது ஒன்றரை நிமிடப் பயணம்.

அந்த ஒன்றரை நிமிடத்தில் கப்பல் செய்யக்கூடியவற்றுள் ஒன்று பொய்யிலக்கை வீசுவது. உலோகப் பூச்சுள்ள மெல்லிய இழைகளை வானில் தூவினால் அவை ராடாரில் ஒரு பெரிய பொருளாகத் தெரியும். ஏவுகணையின் மூக்கில் உள்ள சிறு ராடார் கப்பலை விட்டு அந்த இழைமேகத்தை நாடிச் செல்லும். ஆனால் மேகம் கப்பலைவிடக் கவர்ச்சியான இலக்காகத் தெரிய வேண்டும். கப்பலின் எதிரொலி மிகப் பெரிதாக இருந்தால் எவ்வளவு தூவினாலும் ஏவுகணை ஏமாறாது. கப்பலில் மறைநிலையின் முதன்மைப் பயன் இதுதான். கப்பல் காணாமற்போக வேண்டியதில்லை. தன் பொய்யிலக்கைவிடச் சிறியதாகத் தெரிந்தால் போதும்.

செங்குத்தான பக்கச்சுவரும் கடற்பரப்பும் சந்திக்கும் செங்கோணம், ராடார் அலையை வந்த வழியே திருப்பியனுப்பும் ஒரு மூலைக் கண்ணாடிபோலச் செயல்படும். சுவரைப் பத்து பாகையளவு சாய்த்தாலே இந்த விளைவு பெரிதும் குறையும். பிரான்சின் லா ஃபயெத் வகை ஃபிரிகேட் கப்பல்கள் 1990-களில் இதைச் செய்து காட்டின. பக்கங்கள் சாய்ந்தன, படகுகளும் நங்கூரங்களும் மூடிகளுக்குள் சென்றன, மேல்தளத்தில் துருத்திக்கொண்டிருந்த பொருள்கள் மறைந்தன. சிங்கப்பூர்க் கடற்படையின் ஆறு ஃபார்மிடபிள் வகைக் கப்பல்கள் இந்த வடிவமைப்பிலிருந்து வந்தவையே. இந்தியாவின் சிவாலிக் வகைக் கப்பல்கள் 2010 முதலும், அவற்றை அடுத்த நீலகிரி வகையின் முதல் கப்பல் 2025 ஜனவரியிலும் பணியில் சேர்ந்தன.

சுவீடனின் விஸ்பி வகைக் கார்வெட் இதில் இன்னும் ஆழமாகச் சென்றது. 73 மீட்டர் நீளமுள்ள அதன் உடல் எஃகால் ஆனதன்று, கரியிழை வலுவூட்டிய பிளாஸ்டிக்கால் ஆனது. பீரங்கியின் குழல்கூடப் பயன்படாத வேளையில் மடங்கித் தன் கூண்டுக்குள் புகுந்துகொள்ளும். தீவுகளும் பாறைகளும் நிறைந்த பால்டிக் கரையோரத்தில் 640 டன் கப்பல் ஒன்று ஒளிந்து தாக்குவதற்கு இது பொருந்தும். திறந்த பெருங்கடலில் இந்த அளவுக் கப்பலால் நெடுநாள் நிற்க இயலாது.

இவற்றுக்கெல்லாம் முன்னரே எஃப்-117-இன் பட்டை வடிவத்தைக் கடலில் சோதித்தவர்கள் லாக்ஹீட் பொறியாளர்கள். 'சீ ஷேடோ' எனும் அக்கப்பல் 1980-களின் நடுப்பகுதியில் கட்டப்பட்டு, 1993 வரை வெளியுலகுக்குத் தெரியாமல் இரவுகளில் மட்டும் ஓடியது. கூரை போட்ட மிதவை ஒன்றினுள் அதை மறைத்து வைத்திருந்தனர். பசிபிக் கடலடியில் மூழ்கிக் கிடந்த சோவியத் நீர்மூழ்கியை மேலே தூக்க சி.ஐ.ஏ. 1974-இல் நடத்திய இரகசிய முயற்சிக்காகக் கட்டப்பட்ட மிதவை அது. 2012-இல் கப்பல் உடைக்கப்பட்டது.

சும்வால்ட்: அளவு மீறிய மறைவு

பெரிய கப்பலை முழுமையாக மறைநிலைக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சும்வால்ட் வகை நாசகாரிக் கப்பலே சான்று. 186 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 16,000 டன் எடையும் கொண்டது. வழக்கமான கப்பலின் பக்கங்கள் மேலே செல்லச் செல்ல விரியும். இதன் பக்கங்கள் உள்நோக்கிச் சாய்கின்றன. அலைக்கம்பங்கள் எல்லாம் ஒரே கூம்பு போன்ற மேற்கட்டுமானத்துக்குள் அடங்கின. உந்துவிசையும் கருவிகளும் ஒரே மின் அமைப்பில் இயங்குகின்றன. மின்திறன் 78 மெகாவாட்.

வடிவமைப்பு நோக்கத்தை நிறைவேற்றியது என்றே சொல்ல வேண்டும். சோதனை ஓட்டத்தின்போது மெயின் மாநிலக் கடலில் இறால் பிடித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவருக்கு, அவர் படகின் ராடாரில் இந்தக் கப்பல் 40, 50 அடி மீன்பிடிப் படகுபோலத் தெரிந்தது. பனிமூட்டத்திலும் நெரிசலான கடல்வழிகளிலும் பிற கப்பல்கள் மோதிவிடாமல் இருக்க, ராடார் அலையைத் திருப்பியனுப்பும் தகடுகளைத் தொங்கவிட வேண்டிய நிலை வந்தது. பெருஞ்செலவில் மறைத்த கப்பலைத் தெரிய வைப்பதற்கும் ஒரு கருவி!

ஆனால் கட்டத் திட்டமிட்டவை 32 கப்பல்கள், கட்டியவை மூன்று. எண்ணிக்கை குறையக் குறைய ஆராய்ச்சிச் செலவு ஒவ்வொரு கப்பலின் தலையிலும் ஏறியது; விலை ஏற ஏற எண்ணிக்கை மேலும் குறைந்தது. மூன்று கப்பல்களுக்கும் ஆராய்ச்சி உட்பட ஆன செலவு 2,000 கோடி டாலரைத் தாண்டியது. கரையைத் தாக்கவென்று பொருத்தப்பட்ட இரண்டு 155 மில்லிமீட்டர் பீரங்கிகளுக்குத் தனிவகை வழிகாட்டப்பட்ட குண்டுகள் தேவைப்பட்டன. கப்பல்கள் மூன்றே என்றானபின் ஒரு குண்டின் விலை ஏறத்தாழ 8 லட்சம் டாலரானது. 2016-இல் அந்தக் குண்டுகளை வாங்கும் திட்டமே கைவிடப்பட்டது. பீரங்கி இருந்தும் சுடக் குண்டு இல்லாத கப்பலாக அது சில ஆண்டுகள் இருந்தது. 2023-இல் மிசிசிப்பி மாநிலக் கட்டுந்தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பீரங்கி இருந்த இடத்தில் 12 ஹைப்பர்சானிக் ஏவுகணைகளுக்கான குழல்கள் பொருத்தப்பட்டன.

மற்ற கடற்படைகள் நடுவழியைத் தேர்ந்தன. 2020-இல் சேவைக்கு வந்த சீனாவின் 055 வகைக் கப்பல் 180 மீட்டர் நீளமும் 112 ஏவுகணைக் குழல்களும் கொண்டது. சாய்ந்த பக்கங்களும் மூடிய கொடிமரமும் அதில் உண்டு. ஆனால் உடலின் அடிப்படை வடிவம் வழக்கமானது. மறைவதைவிட அதிக ஏவுகணைகளைச் சுமப்பதே அதன் வலிமை.

ஐந்தாம் தலைமுறை விமானங்கள்

வானில் போட்டி வேகமாகவே நகர்ந்தது. மறைநிலையோடு போர் விமானத்துக்குரிய வேகமும் திருப்பமும் கொண்ட முதல் விமானம் அமெரிக்காவின் எஃப்-22. 2005 இறுதியில் பணிக்கு வந்தது. அதைப் பிற நாடுகளுக்கு விற்பதை அமெரிக்கச் சட்டம் தடுத்தது. 187 விமானங்களோடு உற்பத்தி நின்றது. ரஷ்யாவின் சு-57 2010 ஜனவரியிலும் சீனாவின் ஜே-20 2011 ஜனவரியிலும் முதன்முதலாகப் பறந்தன. ஜே-20 பறந்த நாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பெய்ஜிங்கில் விருந்தினராக இருந்தார். துருக்கியின் 'கான்' 2024 பிப்ரவரியில் பறந்தது. இந்தியாவின் ஆம்கா விமானத்தை உருவாக்க 2024 மார்ச்சில் ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு கட்டுப்பாடு உண்டு. இறக்கையின் கீழ் ஏவுகணையைத் தொங்கவிட்டால் அதன் எதிரொலி விமானத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே ஆயுதங்களை வயிற்றினுள் வைக்க வேண்டும். அங்கு இடம் குறைவு. எரிபொருளுக்கும் அதே உடலில்தான் இடம் தேட வேண்டும். ராடார் அலையை உறிஞ்சும் மேற்பூச்சுகள் மழை, உப்புக்காற்று, கீறல் ஆகியவற்றால் கெடும் என்பதால் பராமரிப்புச் செலவும் மிகுதி. ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டுள்ள எஃப்-35 விமானங்களை அமெரிக்கா தன் சேவைக்காலம் முழுவதும் பேணுவதற்கு 1.58 லட்சம் கோடி டாலர் ஆகும் என அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் 2024-இல் தெரிவித்தது.

கப்பல்தளத்தில் ஸ்டெல்த் விமானம்

இரு கதைகளும் வானூர்தி தாங்கிக் கப்பலில் ஒன்றுசேர்கின்றன. 300 மீட்டர் நீளமுள்ள தட்டையான ஓடுதளத்தை ராடாரிலிருந்து மறைக்க வழியில்லை. அதன் விமானமோ மறைநிலை கொண்டது. இந்த இணையில் விமானத்தின் பறப்பெல்லை முக்கியமாகிறது. விமானம் குறைந்த தொலைவே பறக்க முடிந்தால் கப்பல் எதிரியின் கரையை நெருங்க வேண்டும். நெருங்கினால் கரையோர ஏவுகணைகளுக்கு இலக்காகும்.

எஃப்-35 விமானத்தின் 'பி' வகை, உடலின் நடுவே ஒரு பெரிய தூக்குவிசிறியைக் கொண்டு குறுகிய தளத்தில் எழுந்து செங்குத்தாக இறங்கும். விசிறிக்கு இடம் கொடுத்ததால் எரிபொருளும் வயிற்றறையும் குறைந்தன. இந்த வகை ஒன்றைத் தென்னிந்தியர்கள் நேரிலேயே பார்க்க நேர்ந்தது. 2025 ஜூன் 14 இரவு, பிரித்தானியாவின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' கப்பலிலிருந்து எழுந்த எஃப்-35பி ஒன்று, மோசமான வானிலையால் கப்பலுக்குத் திரும்ப இயலாமல் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கியது. பின்னர் ஹைட்ராலிக் கோளாறும் கண்டறியப்பட்டதால், பருவமழையில் நனைந்தபடி நாள்கணக்கில் திறந்தவெளியில் நின்றது. பிரித்தானியப் பொறியாளர்கள் வந்து கொட்டகைக்குள் இழுத்துச் சென்று பழுதுபார்த்தபின் ஜூலை 22 அன்று புறப்பட்டது. இடையில் கேரளச் சுற்றுலாத் துறை அதை வைத்து ஒரு வேடிக்கை விளம்பரமும் வெளியிட்டுவிட்டது. அந்த ஐந்து வாரங்களும் விமானத்துக்குத் தொடர்ந்து காவல் போடப்பட்டிருந்தது. ஸ்டெல்த் விமானத்தின் மதிப்பில் பெரும்பங்கு அதன் மேற்பரப்பும் கருவிகளும் பிறருக்குத் தெரியாமல் இருப்பதில்தான் உள்ளது.

இதே அச்சத்தை 2022-இல் தென்சீனக் கடலிலும் காணலாம். 'கார்ல் வின்சன்' கப்பலில் இறங்கும்போது மோதிய எஃப்-35சி விமானம் கடலில் விழுந்தது. அமெரிக்கக் கடற்படை ஐந்து வாரங்களில் அதை ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்திலிருந்து வெளியே எடுத்தது.

சீனா வேறு வழியில் அதே இடத்துக்கு வந்துள்ளது. அதன் முதல் இரு தாங்கிக் கப்பல்களில் விமானங்கள் மேல்நோக்கி வளைந்த மேடையிலிருந்து சொந்த விசையால் எழ வேண்டும். ஆகவே எடையைக் குறைத்தே கிளம்பும். 2025 நவம்பரில் சேவைக்கு வந்த மூன்றாவது கப்பலான 'ஃபூஜியான்', விமானத்தை மின்காந்த விசையால் உந்தி எறியும் கவண்பொறி கொண்டது. அமெரிக்காவின் 'ஜெரால்ட் ஃபோர்டு' கப்பலுக்கு அடுத்து இந்தப் பொறி கொண்ட கப்பல் இதுவே. ஜே-35 ஸ்டெல்த் விமானம் அதிலிருந்து எழும் காட்சியைச் சீனா 2025 செப்டம்பரில் வெளியிட்டது. அதே காட்சியில் இருந்த கேஜே-600 என்ற முன்னெச்சரிக்கை விமானம் கவண்பொறி இல்லாமல் எழ முடியாத எடை கொண்டது. உயரத்தில் பறக்கும் அதன் ராடார், கப்பலின் கொடிமரத்தால் பார்க்க இயலாத தொடுவானத்துக்கு அப்பாலும் பார்க்கும். ஷெஃபீல்ட் மூழ்கியபோது பிரித்தானியக் கடற்படையிடம் இல்லாமற்போனது இப்படி ஒரு விமானம்தான்.

ஜப்பான் தன் 'இசுமோ', 'காகா' கப்பல்களின் தளத்தை எஃப்-35பி விமானத்தின் வெப்பத்தைத் தாங்கும்படி மாற்றி வருகிறது. துருக்கி 'அனடோலு' கப்பலை அதே விமானத்துக்காகவே கட்டியது. ரஷ்யாவின் எஸ்-400 ஏவுகணைகளை வாங்கியதால் 2019-இல் எஃப்-35 திட்டத்திலிருந்து துருக்கி நீக்கப்பட்டது. விமானம் கிடைக்காத கப்பலில் இப்போது பைரக்தார் டிபி3 ஆளில்லா விமானங்கள் ஏறி இறங்குகின்றன.

அரை மீட்டர் உயரமுள்ள எதிரி

மறைநிலைக்கு எதிரான முயற்சிகள் பல. நீண்ட அலை ராடார்கள் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வந்துள்ளன. விமானத்தின் வெப்பத்தைத் தேடும் அகச்சிவப்புக் கருவிகள் எதையும் அனுப்பாமலே பார்க்கின்றன. எந்த விமானமும் கப்பலும் தன் ராடாரையோ வானொலியையோ இயக்கிய கணமே தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது.

கடலில் பெரிய மாற்றம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. உக்ரைனின் மகுரா வி5 என்ற ஆளில்லாப் படகின் நீளம் ஐந்தரை மீட்டர். நீருக்கு மேல் தெரியும் உயரம் அரை மீட்டர். அதை மறைக்கத் தனி வடிவக் கணக்கோ விலையுயர்ந்த பூச்சோ தேவையில்லை, கடல் அலையே போதும். இத்தகைய படகுகள் 2024 பிப்ரவரி 1 அன்று கிரிமியா அருகே ரஷ்ய ஏவுகணைக் கார்வெட்டான 'இவானோவெட்ஸ்' கப்பலைத் தாக்கி மூழ்கடித்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2022 ஏப்ரலில், கருங்கடல் படைப்பிரிவின் தலைமைக் கப்பலான 186 மீட்டர் நீள 'மொஸ்க்வா' ஏவுகணைகளால் மூழ்கியிருந்தது. எஞ்சிய கப்பல்களில் பெரும்பாலானவற்றை ரஷ்யா செவஸ்தபோல் துறைமுகத்திலிருந்து கிழக்கே நோவோரோசிஸ்க் துறைமுகத்துக்கு நகர்த்தியது.